பாரம் கழித்த உயரம்

மார்ச் பன்னிரண்டு, போர்ட் லூயிஸ்,
த்ரூ ஃபான்ஃபரோன் துறை.
ஓதமானிக் குழாயில் ஏறியிருந்த மட்டியை
ழான் நோயல் சுரண்டிப் போட்டான்.
நான் எண்ணை எழுதினேன்:
சராசரிக்கு மேலே ஏழு சென்டிமீட்டர்.

இந்த வேலைக்கு முன் கரும்பாலையில்
எடைமேடைக் குமாஸ்தா நான்.
லாரி நிறைந்து வரும்போது ஓர் எடை,
வெறுமையாய்ப் போகும்போது ஓர் எடை.
கழிக்காமல் எவனுக்கும் சீட்டு எழுதியதில்லை.

கடலுக்கும் அப்படித்தான்.
ஒரு செயற்கைக்கோள் உயரத்தை மட்டும் பார்க்கிறது.
வேறு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாய்,
இருநூற்றிருபது கிலோமீட்டர் விட்டு ஓடுகின்றன.
அவை அளப்பது தண்ணீரையல்ல,
தமக்கு நடுவே உள்ள தூரத்தை.
கீழே பாரம் கூடிய இடம் வந்தால்
முன்னது சற்று எட்டிப் போகும்.
தாண்டியதும் பின்னுக்கு இழுபடும்,
பின்னது நெருங்கி வரும்.
மயிரின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு மாறினாலும் போதும்,
எடை தெரிந்துவிடும்.

இருநூற்றிருபது:
இங்கிருந்து ரீயூனியனுக்கும் ஏறத்தாழ அதே தூரம்.
அங்கே சேந்த்-ஆந்த்ரேயில் அக்கா கமாச்சி.
முன்னே போனவள்.

அன்று ராத்திரிதான் ஃபோனில் கத்தினாள்,
ரோஸ் ஹில் வீட்டை விற்ற பணத்துக்காக.
நான் உயரத்தைக் குறித்துக்கொண்டேன்.
ஏழு மாதம் பேசவில்லை.

பிறகுதான் அந்த மாதத்து எடைக் கணக்கு வந்தது.
உயர்ந்து நின்ற மார்ச் கடல்
எடையில் இளைத்திருந்தது.
உலகத் தண்ணீரில் ஒரு பங்கு
வடக்கே பனியாய்த் தரையில் கிடந்ததாம்.
அப்படியானால் அந்த ஏழு?
கழித்துப் பார்த்தேன். சூடு.
கோடை முழுக்க வெயில் குடித்த நீர்
விரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.
ஒரு குடம்கூடக் கூடவில்லை.

அக்டோபரில் தலைகீழ்.
உருகியதெல்லாம் ஆறாகி வந்து சேர்ந்திருக்கும்,
ஆனால் குளிர்ந்து ஒடுங்கியிருக்கும்.
துறைச்சுவரில் ஈரக்கோடு கீழே இருப்பதால்
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த அக்டோபரில் அவள் கூப்பிட்டாள்.
மழை பெய்ததா என்றாள்.
மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகு எவ்வளவு என்றாள்.
வைக்கப் போகிறபோது, அதே தணிந்த குரலில்,
"லூசியன் போயிட்டான்டி. ஜூலையிலேயே."

காதிலேயே ஃபோனை வைத்திருந்தேன்,
கோடு அறுந்த பிறகும்.

இன்றைய அளவு என்ன என்றான் ழான் நோயல்.
சராசரிக்குக் கீழே ஐந்து.
"தாழ்வுதான்" என்று சொல்லிவிட்டு
வாளியை எடுத்துக்கொண்டு போனான்.