அறுபத்திரண்டு கவைகள்

சாலையை அகலமாக்க வெட்டினார்கள்.
அடிமரங்கள் பலகை ஆலைக்குப் போயின.
கவைகள் விறகு விலைக்கு வந்தன:
கன மீட்டர் நாற்பத்தெட்டு யூரோ,
ஏற்றுக்கூலி தனி.

கௌப்போ அவற்றை லாரியிலிருந்து இறக்கி
கைதூக்கிச் சரணடைந்தவர்களைப் போலச்
சுவரோரம் நிறுத்தினான்.
ஒவ்வொன்றையும் சுற்றிவந்து ஸ்கேன் செய்தேன்.
திரையில் எழுந்தது புள்ளிகளாலான தூசிமரம்.
பட்டை இல்லை, மணம் இல்லை.
எறும்பொன்று ஊர்ந்துகொண்டிருந்த இடத்தில் மட்டும்
மூன்று புள்ளிகள் மங்கியிருந்தன.

ஹியுமா தீவில், படகுத்துறையில்,
காத்திருப்போர் கூடத்துக்குக் கூரை.
அறுபத்திரண்டு முட்டுகள். அறுபத்திரண்டு கவைகள்.
எது எதற்கு?

இரவெல்லாம் நிரல் பொருத்தம் பார்த்தது.
பாரம் இறங்கும் திசையோடு
நார் ஓடும் திசை எத்தனை பாகை பிணங்குகிறது என்று
மாற்றி வைத்து, மறுபடி மாற்றி வைத்து.
நான் தூங்கினேன்.
நான் எழுதிய ஒன்று
எனக்குப் பதிலாகக் கவலைப்படுவது பிடித்திருந்தது.

காலையில் அறுபத்தொன்றுக்கு இடம் கிடைத்திருந்தது.
இருபத்தாறுக்கு எதிரே சிவப்பு.

இருபத்தாறு மேப்பிள்.
ஒரு கை தொடைப் பருமன், மற்றது மணிக்கட்டுப் பருமன்.
மெலிந்த கை பாதிவழியில் மனம் மாறி
வந்த பக்கமே திரும்பியிருந்தது.
தெருவிளக்கைத் தேடிப் போயிருக்கும் என்றான் கௌப்போ.
விளக்குக்குப் பயந்து விலகியிருக்கும் என்றேன்.
சரிபார்க்க வழியில்லை,
கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

ரோபோவின் கை வேலையைத் தொடங்கியது.
ஒரு கவைக்குப் பதினோரு நிமிடம்,
ஒரு வெட்டுப்போல் மறுவெட்டு இல்லை.
அதற்கு அலுப்பும் இல்லை, வியப்பும் இல்லை.
வியப்பை நாங்கள் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டோம்,
பகலில் அவன், மாலையில் நான்.

புதன்கிழமை ஆய்வாளர் ஹெல்டூர் வீஸ்க் வந்தார்.
அவருடைய படிவத்தில் ‘நேர்த்தன்மை’ என்றொரு கட்டம்:
மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் வளைவு.
கவைகளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார்.
பேனாவை மூடினார்.
"ஒன்றை உடைத்துக் காட்டுங்கள், ரக்னே."

எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கவைக்குதவாதது என்று பேச்சுக்குச் சொல்வோம்.
கவையையே அப்படிச் சொல்ல
நாக்கு கொஞ்சம் தயங்கியது.
இரும்புக் காலணி மாட்டி
இருபத்தாறை அழுத்தியின் கீழ் நிறுத்தினோம்.
தேவைப்பட்ட பாரம் ஏறியது. சத்தமில்லை.
இருமடங்கு. கௌப்போ காதுக்கவசத்தைச் சரிசெய்தான்.
மும்மடங்கில் முறிந்தது,
கை பிரியும் மூட்டில் அல்ல,
அதன் உடம்பில் நேராக இருந்த ஒரே இடத்தில்.

வீஸ்க் குனிந்து முறிவைத் தொட்டுப் பார்த்தார்.
நேர்த்தன்மைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.
அந்தக் கோடு நேராக இல்லை.
மிச்சம் அறுபத்தொன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து.
பிறகு, அதை நம்பாதவர் போல,
பக்கத்திலேயே இன்னொன்று.

அறுபத்திரண்டாவது முட்டுக்கு
பசையிட்டு அடுக்கிய நேர்த்தூண் ஒன்று வாங்கினோம்.
படகு தாமதிக்கும் நாட்களில்
கூரை முழுக்கக் கவைகள் கைவிரித்து நிற்க
எல்லாரும் சாய்ந்துகொள்வது அதில்தானாம்.
முதுகுக்கு வாகாக இருக்கிறதாம்.

உடைந்ததைக் கௌப்போ வீட்டுக்கு எடுத்துப்போனான்.
சவுனா அடுப்பில் நன்றாக நின்று எரிந்தது என்றான்.
புள்ளிகள் என்னிடம் இருக்கின்றன, எழுபது மெகாபைட்.
புதிய கட்டடம் எது வந்தாலும்
முதலில் இருபத்தாறை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.
வேலைப் பட்டியலில் அதற்குத் தலைப்பு இல்லை.
சிவப்பு. சிவப்பு. மார்ச் முழுக்கச் சிவப்பு.

நேற்று பச்சை விழுந்தது.
தார்த்து நகரம், சைக்கிள் கொட்டகை, ஒன்பதாம் முட்டு,
பிணக்கு இரண்டே பாகை.

கௌப்போவிடம் இன்னும் சொல்லவில்லை.