வெறும் போத்தல் ஆறு

கரண்ட் போய் ஒன்பது மணித்தியாலம்.
ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை என்று
விமலானந்தம் கையை விரித்துவிட்டார்.
குளிர்ப்பெட்டிக்குள் வெப்பமானி
நாலு, ஆறு, எட்டு.

ஆறு குப்பிகளை ஈரத் துவாயில் சுற்றி
ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு
கோணேசபுரியிலிருந்து வந்தேன்.
மைதானத்து மான்கள் தெருவுக்கு நடுவே
படுத்திருந்தன.
ஹோர்னுக்கு ஒன்று மட்டும் எழும்பியது,
அதுவும் சோம்பல் முறிக்க.

மீன்சந்தைக்குப் பின்னால் ஐஸ் வாடி.
அங்கே டீசல் இருந்தது.
மீன் காத்திருக்காது.

நிஸ்தார் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார்.
"ஒண்டும் இல்லியே, தங்கச்சி?"

இருக்கு.
ஒரு மயிரின் தடிப்பில்
எண்ணூறு பேர் வரிசையாக நிற்கலாம்.
உடம்பின் அணுக்கள்
தாமே கிள்ளி எறிகிற பொட்டணங்கள்.
குப்பை என்றுதான் முதலில் நினைத்தார்கள்.
அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே செய்தி,
ஒரு அணு இன்னொன்றுக்கு எழுதினது.
நாங்கள் அதற்குள்
மருந்தை மடித்து வைக்கிறோம்.

"நீங்களே ஒரு பை செய்யக் கூடாதா?"

செய்தோம். இரண்டு வருசம்.
கொழுப்பில் உருட்டிய உருண்டைகள்,
அளவில் பிழையே இல்லை.
எலியின் இரத்தத்தில் ஏற்றி
அரை மணித்தியாலம் ஆகவில்லை,
ஈரலில் ஒரு சாவடி, மண்ணீரலில் இன்னொன்று,
முக்கால்வாசியும் பிடிபட்டுப் போயின.
இவை சொந்தத் தோலோடு போகின்றன.
கொஞ்சம் கூடத் தூரம் விடுகிறார்கள்.

"அப்ப, இதுக்கு ஐசி இருக்கு எண்டு சொல்லுங்க."

சிரித்தேன்.
பிறகு சிரிக்கவில்லை.
கிண்ணியாத் துறையில் ஒரு காலை,
எனக்குப் பதினொரு வயது,
சோற்றுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி
பேனா மூடியால் கிளறிப் பார்த்தார்கள்.
அன்று முழுக்கச் சோற்றில் மை மணந்தது.
திறக்காமல் கடக்கிற எதையும்
அதற்குப் பிறகு நான் முழுதாக நம்பியதில்லை,
இந்தக் குப்பிகளையும் சேர்த்து.
ஏனென்றால் புற்றும்
இதே பொட்டணத்தைத்தான் அனுப்புகிறது,
அடுத்து இறங்கப்போகும் இடத்தில்
படுக்கை விரித்து வைக்க.

இதை நிஸ்தாருக்குச் சொல்லவில்லை.
உறையவும் கூடாது,
சுடவும் கூடாது என்று மட்டும் சொன்னேன்.
"இறாலுக்கும் அதே கதைதான்" என்று
பழைய பேப்பரில் சுற்றி
பாரை மீன் பெட்டிக்கு மேல்தட்டில் வைத்தார்.
துண்டில் எழுதித் தந்தார்:
வெறும் போத்தல் 6.
காசு வேண்டாம் என்றார்,
வெறும் போத்தலுக்கு என்ன காசு.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்தது.
அளந்து பார்த்தேன்.
நாலு குப்பிகள் அப்படியே.
ஐந்தாவது ஒட்டித் திரண்டுவிட்டது.
ஆறாவதைப் பற்றி
இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.
மூடியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது,
வெறும் கண்ணுக்கே தெரிந்தது,
அவ்வளவு பெரிது.

பதிவேட்டில் ‘சேமித்த இடம்’ என்ற கட்டத்தில்
அந்தத் துண்டையே ஒட்டினேன்.
மேற்பார்வையாளர் கேட்பார்.
கேட்கட்டும்.