தடுப்புத் தகடு

கொழிஞ்சாம்பாறைச் சொசைட்டியில்
காலை ஐந்தரைக்குப் பால் அளப்பவள் நான்.
லாக்டோமீட்டர் மிதக்கிற உயரத்தை வைத்து
ஆளை எடைபோடக் கூடாது என்று
பதினோரு வருஷத்தில் கற்றிருக்கிறேன்.
ஆனாலும் போடுகிறேன்.

ஜென்னுக்குள் எஸ்டீம் இஞ்சின் இறக்கியது சுகுணன்.
ஹெட்டைச் சீவி, கேமை மாற்றி,
அந்தச் சின்ன வண்டிக்கு இல்லாத கோபத்தை
உள்ளே வைத்து மூடினான்.
ரோட்டுக்கு அது போதும்.
டிராக்குக்குப் போதுமா என்பதுதான்
மூன்று வாரமாக என் தூக்கத்தின் அடியில்
சொட்டிக்கொண்டிருந்தது.

நீண்ட வலது வளைவில்
ஆயில் முழுக்க சம்பின் இடப்பக்கம் ஏறிவிடும்.
பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும்.
இரண்டே நொடி,
பேரிங் போய்விடும்.
இதை எனக்குப் புரியவைத்தது சுகுணன் அல்ல,
பால் டேங்கர் ஓட்டும் மீரான் ராவுத்தர்.
"முழு டேங்க் சும்மா கெடக்கும்.
பாதி டேங்க்தாம்மா வண்டிய சாய்க்கும்."
டேங்கருக்குள் ஓட்டை போட்ட தகடுகள் நிற்குமாம்,
பால் புரண்டு அடிக்காமல் இருக்க.
அப்படி ஒன்று சம்புக்குள் வை என்றேன்.
அரை நாள் வேலை. சுகுணன் வெல்டு வைத்தான்.

அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.
ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்.
அந்த வெல்டு விட்டால்?
ஒரு பொடி உதிர்ந்து
வலையைத் தாண்டிப் பம்புக்குள் போனால்?
"பேடிக்கண்டா" என்றான் சுகுணன் போனில்,
பாதித் தூக்கத்தில்.
அவனுக்கென்ன,
முறுக்கிய போல்ட்டுக்கெல்லாம்
மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிட்டான்.
எனக்குள் எங்கே கோடு போடுவது.

ஞாயிறு விடியல், வேலந்தாவளம் செக்போஸ்ட்.
ஏற்றிப் போக லாரிக்குக் காசில்லை.
ஓட்டிப் போகிற வண்டியேதான் டிராக் வண்டி,
திங்களன்று சொசைட்டி வண்டியும் அதுவே.
"உள்ளே என்ன?" என்றார் காவலர்.
நாலு டயர், ஐந்து லிட்டர் ஆயில்,
டார்க் ரெஞ்சு, தோசைப் பொட்டலம்.
மீதியை நான் சொல்லவில்லை.

செட்டிபாளையத்தில்
கண் வளைவில் இருந்திருக்க வேண்டும்.
ஆயில் பிரஷர் முள்ளில் இருந்தது.
முள் சாய்ந்தது. காலை எடுத்தேன்.
முள் எழுந்தது. வளைவு முடிந்திருந்தது.
அடுத்த சுற்றிலும் அதே.
என்னைத் தாண்டிப் போன பச்சை சிட்டி ஒன்று
நேர்ப்பாதையில் புகையாய் நின்றது.
ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே.
ஓட்டிய பையன் ஹெல்மெட்டைக் கழற்றி
புல்லில் உட்கார்ந்து சிரித்தான்.
எனக்கு ஒரு கணம் உள்ளே குளிர்ந்தது,
இன்றைக்குக் கேட்ட பலி
வேறு வீட்டில் விழுந்ததுபோல.
அந்த வெட்கத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"உங்க வண்டி சத்தம் நல்லாருக்குக்கா" என்றான்.

அதற்குப் பிறகு நாலு சுற்று
முள்ளைப் பார்க்காமல் ஓட்டினேன்.
அதாவது, மீட்டர் மேல்
கறுப்பு டேப் ஒட்டிவிட்டு ஓட்டினேன்.
இரண்டு வினாடி குறைந்தது.

திரும்பி வந்து, சுகுணன் ஷெட்டில்
ஆயிலை வடித்தோம்.
வடிகால் போல்ட்டின் காந்தத்தில் ஒரு துணுக்கு,
கடுகில் பாதி.
வெல்டா, ரிங்கா?
விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினான்.
அதை ஒரு சாம்பிள் பாட்டிலில் போட்டு,
தேதி எழுதி,
கொழுப்புப் பார்க்கிற பாட்டில்களின் வரிசையில்
கடைசியாக வைத்திருக்கிறேன்.

இன்று காலையும் வண்டி ஒரே சாவியில் எடுத்தது.
"சரியாத்தானே இருக்கு?" என்றாள்
கேனை இறக்கிவைத்த தங்கமணி.
மீட்டர் இருபத்தெட்டில் ஆடி நின்றது.
இன்றைக்குச் சரி, என்றேன்.