டெஸ்டிங்

தொழில் என்ற கட்டத்தில் ஜாஸ் என்று எழுதிக் கொடுத்தேன்.
வண்ணார்பேட்டைக் கிளை மேலாளர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"கேஸ் ஏஜென்சியா? எந்த ஏரியா?"
விளக்கினேன். சாக்ஸபோன், தாளம்,
ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு
மீதியை அந்தந்த நேரத்தில் உண்டாக்குவது.
"அப்போ முன்கூட்டியே எதுவும் எழுதி வைக்கிறது இல்லையா?"
ஜாமீன் இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
அடித்துவிட்டு 'இதர' என்று எழுதினார்.

மாத வருமானம், அடுத்த கட்டம்.
ஆவணியில் ஆறு வரவேற்பு.
குற்றாலத்தில் சாரல் இருந்தால் ரிசார்ட்டில் சனிக்கிழமைகள்,
சாரல் ஏமாற்றினால் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமை.
லெந்து நாட்களில் சபையார் கல்யாணம் வைப்பதில்லை,
நாற்பது நாளும் நானும் உபவாசம்.
பக்தியா என்று கேட்காதீர்கள்.
எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து
வந்த எண்ணைப் பென்சிலில் எழுதினேன்.

நாங்கள் நாலு பேர்.
மைதீன் பிச்சை, மேலப்பாளையம், டிரம்ஸ்;
பகலில் செல்போன் டிஸ்ப்ளே மாற்றுகிற விரல்கள்.
பேஸ் ஆவுடையப்பன், பாலிசி ஏஜென்ட்.
தவணை கட்டுகிறவர் கூப்பிட்டால் பாதி வாசிப்பிலும் எடுத்துவிடுவான்,
ஒரே தந்தியை மீட்டிக்கொண்டே போனஸ் கணக்குச் சொல்வான்.
கீபோர்டு கிருபாவதி.
துட்டுப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

போன வெள்ளி தூத்துக்குடி ரோட்டில் ஒரு மண்டபம்.
மாப்பிள்ளை டொரண்டோ. அங்கே ஏதோ ஓட்டலில் கேட்டாராம்,
ஜாஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.
இருபது நிமிஷம் வாசித்தோம்.
நன்றாக வாசித்தோம் என்று சொல்லிக்கொள்ள
எனக்கு இந்த ஒரு இடம்தான் உண்டு.
முடித்ததும் பெண்ணின் பெரியப்பா மேடையேறி
என் காதருகே குனிந்தார்:
"தம்பி, டெஸ்டிங் முடிஞ்சிட்டுல்லா?
பாட்டை ஆரம்பிங்க, ஆளு வர ஆரம்பிச்சாச்சு."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

பந்திக்கு மட்டும் ஜெனரேட்டர் போட்டார்கள்.
மேடைக்கு லைன் இல்லை.
கீபோர்டு செத்தது, பேஸ் செத்தது.
சுவருக்குப் பின்னால் டீசல் உறுமல்,
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
என் ஆல்ட்டோவில் அது ஈ.
மைதீன் யாரையும் கேட்காமல்
ஸ்நேரில் பிரஷ்ஷைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.
நான் அந்த ஈயில் இறங்கி நின்றேன்.
உள்ளே யாரோ கிரைண்டர் போட
இயந்திரம் திணறிச் சுருதி தாழ்ந்தது;
உதட்டைத் தளர்த்தி நானும் கூடவே தாழ்ந்தேன்.
கிரைண்டர் நின்றது. ஏறினோம்.
அப்புறம் என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரியாது.
மைதீனுக்கும் தெரியாது.
இருட்டில் கிருபாவதி ஒருமுறை "ஏ யப்பா" என்றது ஞாபகம்.
மற்றவர்கள் செல்போன் வெளிச்சத்தில்
ஐஸ்கிரீம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குப் பெரியப்பா கவரோடு வந்தார்.
"கரண்டு இல்லாதப்ப ஒண்ணு வாசிச்சியளே, அது எந்தப் படம்?"
படம் இல்லை அண்ணாச்சி.
"அப்படியா." கொஞ்சம் யோசித்தார்.
"நல்லாத்தான் இருந்துச்சு.
ஆனா முக்கா மணி நேரம் கரண்டு இல்லலா,
அதுக்கு ஆயிரத்து ஐந்நூறு கழிச்சிருக்கேன்."
கிருபாவதி அதை ஐந்நூறுக்குக் கொண்டுவந்தாள்.

லோடு ஆட்டோவில் டிரம்ஸுக்கு நடுவே உட்கார்ந்து வந்து
சமாதானபுரம் முக்கில் இறங்கிக்கொண்டேன்.
வீட்டில் எல்லோரும் தூக்கம்.
தண்ணீர் எடுக்கப் போனால் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது,
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
ஏழு வருஷமாக இதே ஃபிரிட்ஜ்தான்.

காலை பத்து மணிக்கு முருகன்குறிச்சியில் ஒரு அடக்கம்.
கறுப்புப் பேண்டை எடுத்து வைத்தேன்.
ரீடு எண்ணிப் பார்த்தேன். இரண்டு.
ஒன்றின் ஓரத்தில் கீறல்.
அடக்கத்துக்கு அது போதும்.