சேருமிடம்: அடிவானம்

துவாஸ் முனையம். கரிமுன் பார்ஜ்
காலை ஒன்பதுக்குக் கட்டியாயிற்று.
கருங்கல் ஜல்லி, இருபது மில்லி,
மூவாயிரத்துச் சொச்சம் டன்.
எழுதினேன்.
பத்தரைக்கு மின்னல் எச்சரிக்கை.
பளுதூக்கி கையை மடக்கிக்கொண்டது.
எழுதினேன்.

மழைக்கு ஒதுங்கிய கொள்கலன் அறையில்
கைபேசி வழியே வந்தான் அந்தப் படகுக்காரன்.
செங்கடலோரக் குகையில்
நாலாயிரத்தைந்நூறு வருஷம் துண்டுதுண்டாய்க் கிடந்ததாம்
அவனது கணக்கேடு.
ஒரு நாள் ஏற்று, அப்புறம் போ, இறக்கு,
மறுபடியும் வெறும் படகு.
நாற்பது பேர் அவனுக்கு.
வெள்ளத்து மாதங்களில் நைல் கல் சுமந்தது;
வாய்க்கால் வெட்டி
நதியையே வேலைத்தளத்துக்கு வரவழைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான்:
எத்தனை லட்சம் கல், எவ்வளவு உயரம்,
அவன் எங்கும் வாய்பிளக்கவில்லை.
சேருமிடத்துக்கு மட்டும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
அரசனின் அடிவானம்.

என் படிவத்தில் அந்தக் கட்டத்தில்
தெங்கா, வீவக, ஒப்பந்த எண்.

அடிமைகள் கட்டியது என்று பள்ளியில் எழுதி
மதிப்பெண் வாங்கியவன் நான்.
அப்படியில்லையாம்.
மன்னரின் நண்பர்கள் என்று குழுவுக்குப் பேர் வைத்து,
யாரும் நுழைய முடியாத மேலறையில்
செங்காவியால் கிறுக்கிவிட்டு
மூடியிருக்கிறார்கள்.
பக்கத்துக் கல்லறைகளில் எலும்புகள்.
முறிந்த கை ஒன்று நேராகக் கூடியிருக்கிறது.
யாரோ கட்டுப்போட்டிருக்கிறார்கள்.
அது ஆறும்வரை
யாரோ அவன் கயிற்றையும் சேர்த்து இழுத்திருக்க வேண்டும்.

போன வருஷம் பெரியகருப்பன் கை
கன்வேயரில் மாட்டியது.
நான் எழுதியது:
14.10 முதல் 14.55 வரை இறக்கம் நிறுத்தம்.
இயந்திரம் சரிபார்க்கப்பட்டது.
ஆறு வாரம் கழித்து வந்தவன்
யாரிடமும் பேசாமல்
பார்ஜ் ஓரத்தில் கயிறு சுற்ற ஆரம்பித்தான்.
அதற்குக் கட்டம் இல்லை.

மழை விட்டது.
தூரத்திலிருந்து மொஃபிசுல் கையசைக்கிறான்.
விடிகாலை நாலுக்குக் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை
மோந்து பார்க்கிறான் பெரியகருப்பன்.
"வெங்காயம் மட்டும் கெடல."
பிரமிடு கட்டினவனுக்கும் வெங்காயம்தான் என்றேன்.
"பீரும் குடுத்தானாமே,
அதை ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

முதல் அள்ளல் லாரியில் விழுகிறது.
ஈரக்கல்; புழுதிகூட எழவில்லை.
ஜோகூர்க் கரை அப்படியே தெரிகிறது.

'குறிப்பு' என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
பேனாவை உதறுகிறேன்.
12.20, மறுதொடக்கம்.
அதனருகே, பொடியாக:
கயிறு, பெரியகருப்பன்.
ஒன்பது விரல்.