எர்த்

நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில்
நடக்கிறது அந்த மழலைப் பள்ளி.
ஜன்னலைத் திறந்தால் சமணர் மலையின் முதுகு,
மூடினால் ஏபிசிடி.
ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
ஸ்கூட்டியில் நாலு டப்பாக்களோடு போனேன்.

வாசலிலேயே மறித்தார் பேச்சியக்கா.
"உள்ள என்ன?"
நத்தை. மரவட்டை. சாரை உரித்துப் போட்ட சட்டை.
அப்புறம் ஒரு தேரை.
"தேரையா? பச்சப்புள்ளைக மேல தேரை விழுந்தா
வத்திப் போகும்மா. அத வெளியவே வையி."
வெளியே வெயில், தேரையே வற்றிவிடும் என்றேன்.
யாருக்கு இரங்கினாரோ, வழிவிட்டார்.

பாயில் பதினேழு பேர்.
ஒரு விரல், ஒரே ஒரு விரல், அதுவும் ஈர விரல்
என்று மூன்று முறை சொன்னேன்.
பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது.
பதினேழு விரல்களும் வாய்க்குள் போய்த் திரும்பின.

நஸ்ரின் நத்தையிடம் தன் பெயரைச் சொன்னாள்.
அது கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.
"அழுகாத, சாயங்காலம் அம்மா வந்துரும்" என்றாள்.
மரவட்டை சுருண்டதும்
"ரயிலு வட்டமாயிருச்சு" என்று பெட்டிகளை எண்ணத் தொடங்கிய பிரிட்டோ
இருபத்தொன்பதுக்குப் பிறகு வழி தெரியாமல்
மறுபடி இருபத்தொன்பது, மறுபடி இருபத்தொன்பது.
சாரையின் சட்டையை நாலு பேர் கொடிக்கயிறு போலப் பிடித்திருக்க
ஐந்தாவது ஆள் குனிந்து கேட்டது:
"பட்டன் எங்க?"
தேரை என் உள்ளங்கையை நனைத்தது.
சிரிப்பில் பாயே நகர்ந்தது.
இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை என்று
டப்பாக்களை மூடப்போனேன்.

"இங்கயும் இருக்கு."

எதையும் தொடாமல் டிவிக்குக் கீழே
சுவரோடு ஒட்டியிருந்த கொடியரசன்.
அவன் குரலை அன்றுதான் கேட்டதாக
லூர்து டீச்சர் பிறகு சொன்னார்.
பிளக் பாயிண்டில் ஒரு குளவி.
வாயில் ஈர மண், மூக்குப்பொடி அளவு.
வைத்தது. தட்டியது. பறந்தது.
திரும்பி வந்தபோது பச்சைப் புழு ஒன்றைக்
கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தது.
பதினேழு பேரும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.
தேரையும் நானும் பின்வரிசையில்.

பேச்சியக்கா விளக்குமாற்றோடு வர,
டீச்சர் தடுத்தார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்:
"கொட்டிக் கொட்டியே புழுவக் குளவியாக்கிரும்.
நாங்களும் அதத்தான் செய்யுறோம்."

வாயைத் திறந்தேன்.
இல்லை டீச்சர், புழு குளவியாகாது.
சாகவும் சாகாது, அசையவும் முடியாது.
முட்டை பொரியும். பொரிந்தது பசியோடு இருக்கும்.
காலை பத்தே முக்காலுக்கு, பாயில் உட்கார்ந்திருப்பவர்களிடம்
இதை எந்தச் சொல்லில் தொடங்குவது?

"அது டிபன்" என்றான் கொடியரசன்.
"பாப்பா தூங்குது. அம்மா டிபன் வச்சுப்
பூட்டிட்டு வேலைக்குப் போகுது.
எந்திரிச்சுத் தானா சாப்பிட்டுக்கும்."

அவன் அம்மா
கப்பலூர் மில்லுக்கு ஐந்து மணி வேனில் போகிறவர் என்பது
கிளம்பும்போது தெரிந்தது.

அன்றிலிருந்து அங்கே டிவி ஓடவில்லை.
பிளக்கைச் சுற்றிச் சிவப்புக் க்ரேயானில் ஒரு வட்டம்,
வட்டத்துக்கு வெளியே இன்னும் பதினாறு வட்டம்.
மின்விசிறி சரிபார்க்க வந்த எலக்ட்ரீஷியன்
குனிந்து பார்த்துக் கோபப்பட்டாராம்:
"எர்த்துல எவன் மண்ண அடைச்சது?"

ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை
என்று போனில் சொன்னார் டீச்சர்.
நேற்று மறுபடி கூப்பிட்டார்.
மண்ணில் ஒரு பொத்தல், மிளகு நுழையும் அளவுக்கு.
உள்ளே ஒன்றும் இல்லை.
பிரிட்டோ மட்டும் அதில் காது வைத்து
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறானாம்.