மூன்றாவது படகு பார்க்கப்படவில்லை

வங்கி கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள்:
விற்கலாம். உடைக்கலாம். மற்றவை.
மற்றவைக்கு ஒரு விரல் அகலம்தான் இடம்.

சிவ்ரியில் இறங்கியபோது மணி ஏழேகால். நல்ல வற்றம்.
சேறு முழங்கால் வரைதான் வரும் என்று
தன் தொடையைத் தொட்டுக் காட்டினார் இக்லாக்.

முதலாவது இரும்பு.
பலாப்பழம் வாங்குகிறவர்களைப் போலத்
தட்டிக்கொண்டே போவேன், கையில் சுத்தியல்.
நல்ல தகடு ணங்கென்று பதில் சொல்லும்.
கெட்டது
வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும்.
நாற்பத்தோரு இடத்தில் தட்டினேன்,
முப்பத்தெட்டில் சோறு.
ஓரிடத்தில் சுத்தியலே உள்ளே போய்விட்டது.
எடுக்கக் கைவிட்டால்
ஒரு நண்டு, அது தன்னுடையது என்றது.

இரும்பில் கவலை இல்லை.
கிலோவுக்கு இவ்வளவு, துருவுக்கு இவ்வளவு கழிவு.
"தாருகானாவுல ரெண்டு நாள் வேலம்மா இது"
என்கிறார் இக்லாக்.
எங்கள் ஆட்களோடு கப்பல் உடைத்துக் கற்ற தமிழ்.
வசவெல்லாம் சுத்தத் திருநெல்வேலி,
எண்கள் மட்டும் இந்தி.
உடைக்கலாம் என்பதில் டிக் போட்டேன்.

இரண்டாவது ஃபைபர்.
கல்யாண ஜோடிகளைப் படம் பிடிக்க
யாரோ கடன் வாங்கி இறக்கியது.
கம்பியில் இன்னும் பிளாஸ்டிக் மல்லிகை.
வெயிலில் தோல் பொரிந்து,
தொட்டால் விரலெல்லாம் கண்ணாடி முள்.
உருக்க முடியாது. எரித்தால் ஊர் திட்டும்.
எடைக்குக்கூட ஆளில்லை.
கொண்டுபோய்ப் போட நாம்தான் பணம் தரவேண்டும்.
மதிப்பு என்ற இடத்தில் கழித்தல் குறி போட்டேன்.
கிணி அதை அழிப்பார்.
சொத்துக்குக் கழித்தல் வரக்கூடாதாம்.
காட்கோபரில் என் ஒற்றை அறையைப் பற்றி
நான் அவரிடம் பேசியதில்லை.

மூன்றாவதற்கு ஏணி சாத்தியிருந்தது.

மரம். பெயர் ஏகவீரா என்று இருந்திருக்கும்,
நடுவில் இரண்டெழுத்தைச் சிப்பி தின்றிருந்தது.
மேலே கயிற்றில் பொம்பில் மீன் வாய் பிளந்து காய,
அதற்கடியில் ஹீராபாய் தாண்டேல்
கடன்காரியாகத் தெரியாத உட்காரலில்.

பலகை போச்சு என்றேன் மராத்தியில்.
போச்சு என்றாள்.
ஏரா பரவாயில்லை.
தெரியும் என்றாள்.
எஞ்சினை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.
"நான்தான். உங்கள் பேங்குக்கு ஆறு தவணை கட்ட."
நாலு போல்ட் ஓட்டையும் எங்களைப் பார்த்தன.

பிறகு, பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதம்.
"புது நம்பர் தருவதை நிறுத்தி எத்தனை வருஷம்!
வர்சோவாக்காரன் புதுப்படகு கட்டி வைத்திருக்கிறான்.
நம்பருக்கு மட்டும் மூன்று லட்சம் என்கிறான்.
ஆனால் படகு நிற்கவேண்டும், மேடம்.
ஆபீசர் வந்து பார்க்கும்வரை
எப்படியாவது நிற்கவேண்டும்."

விறகு விலைக்கு உடைக்கலாம் என்று எழுதினால்
நம்பர் செத்துவிடும்.
விற்கலாம் என்று எழுதி,
ஏன் என்றும் எழுதினால்
வங்கியே ஏலம் போடும்.
இவளுக்கு ஏணி மிஞ்சும்.
ஆபீசர் எப்போது வருவார் என்று கேட்டேன்.
அடுத்த வாரமோ, கணபதி கழிந்தோ.
வர்சோவாக்காரன் கொடுத்ததும் நேராக பேங்குக்குத்தான் என்றாள்.
நம்பவேண்டுமா என்று தெரியவில்லை.
நம்புவதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஒரு பொம்பிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.
லஞ்சமில்லை, மீன் என்றாள்.

மற்றவையில்,
விரல் அகலத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதினேன்:
ஓதம் ஏறிவிட்டதால்
மூன்றாவது படகு பார்க்கப்படவில்லை.
மறு ஆய்வு தேவை.

இக்லாக் எட்டிப் படித்தார்.
அரை மைலுக்குச் சேறு.
அதில் பூநாரைகள்கூடக் கால் நனையாமல் நின்றன.
"நல்ல வெள்ளம்தான்" என்றார்.

குழாயடியில் கால் கழுவ ஐந்து ரூபாய்.
சேறு போயிற்று. நகக்கண்ணில் போகவில்லை.

சாயங்காலம் கிணி கேட்பார், எத்தனை மணிக்கு ஓதம் என்று.
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
இந்த வருஷத்து அட்டவணை இருக்கிறது,
நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.